கலெக்டர் இல்லாத ஆங்கிலேய ஆட்சி: திருவிதாங்கூரின் மேல் இருந்த பிடி எது, குமரியில் இன்னும் மிஞ்சியிருப்பது எது?

முல்லைப் பெரியாறு செய்தியில் அடிபடும்போதெல்லாம் குமரி மாவட்டத்தில் இரண்டு வாதங்கள் கிளம்பும். "வெள்ளைக்காரன் போட்ட ஒப்பந்தம்தானே, அவன் போனதோட அதுவும் போச்சு" என்பது ஒன்று. "நாம எங்க வெள்ளைக்காரன்கிட்ட இருந்தோம், நமக்கு ராஜால்லா" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதிதான் சரி. மீதிப் பாதி புரிய, ஆங்கிலேயர் ஒரு சுதேச சமஸ்தானத்தை எந்தக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரே கயிறு அல்ல, பல. 1947இல் அவை எல்லாம் ஒரே மாதிரி அறுபடவும் இல்லை.

## ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் இரண்டு வகை நிலம் இருந்தது. ஒன்று, சென்னை மாகாணம் போல ஆங்கிலேயரே நேரடியாக ஆண்ட பகுதி. மற்றொன்று சுதேச சமஸ்தானங்கள். இவற்றின் எண்ணிக்கை ஐந்நூறுக்கும் மேல். ராஜாவோ நவாபோ ஆள்வார், அவருக்கு மேலே ஆங்கிலேயர் இருப்பார்கள்.

இன்றைய குமரி மாவட்டமான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடி. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே பணகுடி, வள்ளியூர் என்று போனால் அது திருநெல்வேலி ஜில்லா, அதாவது நேரடி ஆங்கிலேய ஆட்சி. சில மைல் தூரத்துக்குள் மாறியவை இவை:

1. சட்டமும் கோர்ட்டும். கிழக்கே ஆங்கிலேயச் சட்டம். மேற்கே மகாராஜாவின் ரெகுலேஷனும் விளம்பரமும். 'விளம்பரம்' என்றால் அன்று அரச அறிவிப்பு, இன்றைய பொருளில் அல்ல.

2. தபால். மேற்கே சமஸ்தானத்தின் சொந்த 'அஞ்சல்' ஓடியது. இன்று தமிழ்நாடு முழுக்கத் தபாலுக்கு அஞ்சல் என்கிறோம். திருவிதாங்கூரில் அதுவே இலாகாவின் பெயர்.

3. நாணயம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆக, சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரம் 8 காசு, அதாவது 28½ சக்கரம். நூறு பிரிட்டிஷ் ரூபாயைச் சர்க்கார் கணக்கில் எழுதினால் 101 ரூபாய் 22 சக்கரம் வரும். அரைச் சக்கரம் என்று தள்ளிவிட முடியாது. அது எங்கே வலித்தது என்று கீழே வருகிறது.

4. ஆண்டு. பழைய ஆதாரங்களில், அதாவது நிலப் பத்திரங்களில், இருப்பது கொல்லம் ஆண்டு. ஜனவரி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உள்ள தேதி என்றால் 825ஐக் கூட்ட வேண்டும். ஆகஸ்ட் நடுப்பகுதியில் பிறக்கும் சிங்கம் 1 முதல் டிசம்பர் முடிய 824. பலர் எல்லா மாதத்துக்கும் 825 போட்டுவிட்டு, பாட்டன் ஆதாரத்தில் ஒரு வருஷம் இடறுகிறார்கள்.

இந்த நான்கையும் பார்த்தால் "நமக்கு ராஜா" என்ற வாதம் பலமாகவே தெரியும். நான்கு தாலுகாக்களிலும் ஆங்கிலேயக் கலெக்டர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஆனால் ராஜாவின் முதலமைச்சரான திவானை நியமிக்க ஆங்கிலேயரின் சம்மதம் வேண்டியிருந்தது. அது எப்படி வந்தது?

## பிடி இறுகிய படிகள்

சில சொற்களை முதலில் தெளிவாக்கிக் கொள்ளலாம்.

*துணைப்படை:* ராஜாவைக் காக்க என்று சொல்லிக் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுத்தும் படை. செலவு ராஜாவுடையது, கட்டளை கம்பெனியுடையது. *கப்பம்:* அந்தச் செலவு ஆண்டுத் தொகையாக நிலைத்த பிறகு அதற்கு வந்த பெயர். *ரெசிடென்ட்:* சமஸ்தானத்தில் தங்கியிருக்கும் ஆங்கிலேயப் பிரதிநிதி. தூதர் போல வந்தவர், போகப் போகக் கண்காணிப்பாளர் ஆனார். *மேலாதிக்கம்:* எந்த ஒப்பந்தத்திலும் முழுதாக எழுதப்படாமல், எல்லா ஒப்பந்தங்களுக்கும் மேலே ஆங்கிலேய முடியரசு தனக்கு உண்டென்று சொல்லிக்கொண்ட அதிகாரம்.

மார்த்தாண்டவர்மா 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருக்கிறது. சொந்தப் படையை நம்பி நின்ற அந்த நாடு அறுபது ஆண்டுகளுக்குள் மாறிப்போனது.

1. 1788. மைசூர் பயத்தில், மார்த்தாண்டவர்மாவுக்குப் பின் வந்த தர்மராஜா கம்பெனியிடம் இரண்டு பட்டாளங்களைக் கேட்டு வாங்கினார். செலவு அவருடையது. 1789 டிசம்பரில் திப்பு, திருவிதாங்கூரின் வடக்கு அரணான நெடுங்கோட்டையைத் தாக்கினார். திருவிதாங்கூருக்குக் கம்பெனி இல்லாமல் தீராது என்ற நிலை அப்போது வந்தது.

2. 1795. நிரந்தர நட்பு உடன்படிக்கை. மூன்று சிப்பாய்ப் பட்டாளங்கள், ஒரு ஐரோப்பிய பீரங்கிக் கம்பெனி, இரண்டு லாஸ்கர் (பீரங்கிப் படைக்கு உதவும் ஆள்கள்) கம்பெனிகள் ஆகியவற்றுக்கான செலவை ஆண்டுதோறும் ராஜா கட்ட வேண்டும். திப்பு 1799இல் இறந்தார். ஆபத்து நீங்கியும் பில் நிற்கவில்லை.

3. 1804. செலவைக் குறைக்க, தளவாய் (தலைமை அமைச்சர்) வேலுத்தம்பி, நாயர் படையின் அலவன்ஸில் கை வைத்தார். படை கலகம் செய்தது. கம்பெனியின் துணையோடு கலகம் அடக்கப்பட்டது. கல்குளம் தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பியை அப்போது காப்பாற்றியது ரெசிடென்ட் மெக்காலேதான். இதை விட்டுவிட்டு 1809ஐ மட்டும் சொன்னால் கதை புரியாது.

4. 1805 ஜனவரி 12. காப்பாற்றியதற்கான விலை புது உடன்படிக்கையாக வந்தது. இன்னொரு ரெஜிமென்டின் செலவு சேர்ந்து, மொத்தச் சுமை ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் ரூபாய்.

கப்பம் பின்னாளில் 7,96,430 ரூபாயாக நிலைத்தது. இது பிரிட்டிஷ் ரூபாய். சமஸ்தானத்தின் கணக்கில் அதே தொகை 8,10,652 சர்க்கார் ரூபாய். அரைச் சக்கர வித்தியாசம் மட்டும் ஆண்டுக்குப் பதினாலாயிரத்துக்கும் மேல்.

## 1805இன் மூன்று ஷரத்துகள்

பணத்தை விட முக்கியம் இதில் உள்ள ஷரத்துகள்.

ஐந்தாம் ஷரத்து: கட்டவேண்டிய பணம் நின்றுபோகும் என்று கவர்னர் ஜெனரல் கருதினால், சமஸ்தானத்தின் வரி நிர்வாகத்தில் மாற்றம் கொண்டுவரலாம், வேண்டிய அளவு நிலப்பகுதியைத் தானே எடுத்து நிர்வகிக்கலாம். பணம் நின்றால் என்பதல்ல, நிற்கும் என்று *கருதினால்*. கடன் கொடுத்தவர் வீட்டுச் சாவியையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டது போல.

ஏழு, எட்டாம் ஷரத்துகள்: வெளி அரசுகளோடு கம்பெனிக்குத் தெரியாமல் கடிதப் போக்குவரத்துக் கூடாது. கம்பெனியின் இசைவில்லாமல் ஐரோப்பியர் எவரையும் பணியில் அமர்த்தக் கூடாது. இன்னொரு டிலனாய்க்கு இனி இடமில்லை.

ஒன்பதாம் ஷரத்து: நிதிச் சிக்கனம், வரி வசூல், நீதி, வணிகம், விவசாயம், தொழில் என எதைப் பற்றியும் ஆங்கிலேய அரசு தரும் ஆலோசனைக்கு ராஜா எப்போதும் மிகுந்த கவனம் செலுத்துவதாக வாக்களிக்கிறார்.

'கட்டளை' என்ற சொல் இதில் கிடையாது. 'ஆலோசனை', 'கவனம்' என்ற இரண்டு மெல்லிய சொற்களில்தான் அடுத்த 142 ஆண்டுகள் ஓடின. ஆலோசனையைக் கேட்காவிட்டால் ஐந்தாம் ஷரத்து பின்னால் நிற்கிறது, அதன் பின்னால் பட்டாளம் நிற்கிறது. பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுப்பவரும் ராஜாவேதான்.

## 1809 பிப்ரவரி: ஆரல்வாய்மொழி

கப்பம் பாக்கி விழுந்தது. மெக்காலே நெருக்கினார். வேலுத்தம்பி கொச்சியின் அமைச்சர் பாலியத்தச்சனோடு சேர்ந்தார். 1808 டிசம்பர் கடைசியில் கொச்சியில் ரெசிடென்டின் வீடு தாக்கப்பட்டது, மெக்காலே தப்பினார். கொல்லம் 984 மகரம் 1, அதாவது 1809 ஜனவரியில், கம்பெனிக்கு எதிராக எழும்படி மக்களை அழைத்த வேலுத்தம்பியின் குண்டறை விளம்பரம் வந்தது.

கம்பெனிப் படை கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தது. இன்று காற்றாலைகள் சுழலும் அந்தக் கணவாய்தான் தெற்கு வாசல். மலைக்கு மலை சுவரும் சிறு கொத்தளங்களுமாக அரண் கட்டியிருந்தது. நேராக மோதினால் சேதம் அதிகம். ஆகவே மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு பிரிவு இரவில் தெற்கு மலையில் ஏறி, பிப்ரவரி 10 விடியும்போது அரணின் பக்கவாட்டில் இறங்கியது. முன்னால் பார்த்து நிற்கும் சுவருக்குப் பக்கவாட்டுத் தாக்குதல் தாங்காது. கணவாய் விழுந்தது. அடுத்த சில நாள்களில் நாகர்கோவில், உதயகிரி, பத்மநாபபுரம் என்று வரிசையாகப் போயின. வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை விட்டார்.

இத்தனைக்குப் பிறகும் கம்பெனி நாட்டை எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. போர்ச் செலவை ராஜாவின் கணக்கில் எழுதினார்கள், படையைக் கலைத்தார்கள். நேரடியாக ஆண்டால் ஊழியர் சம்பளம், பஞ்ச நிவாரணம், கலகம் எல்லாம் தன் தலையில். ராஜா பெயரில் ஆண்டால் இவை அவர் தலையில், கப்பம் மட்டும் தன் பையில். கல்நெஞ்சக் கணக்குதான், ஆனால் கணக்கு சரி.

## ரெசிடென்டே திவான்: மன்றோவின் காலம்

1810இல் ரெசிடென்டாக வந்த கர்னல் ஜான் மன்றோ, 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்தார். அரியணையில் ராணி கௌரி லட்சுமிபாய். ஆலோசனை சொல்பவரும் அதற்குக் கவனம் செலுத்துபவரும் ஒரே ஆள். கண்காணிக்கிறவனே கணக்கும் எழுதினால் என்ன நடக்குமோ அது நடந்தது: வேலை வேகமாக நடந்தது, தடுக்க ஆளில்லை.

மன்றோ ஜில்லா கோர்ட்டுகளை ஏற்படுத்தினார். தென்பகுதிக்கான கோர்ட் பத்மநாபபுரத்தில் உட்கார்ந்தது. ஆனால் இருநூறு ஆண்டு தாண்டியும் குமரியில் விளைவு நிற்கும் செயல் வேறு. கோயில்களின் நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பெரிய தேவஸ்வங்கள், அதாவது கோயில் நிர்வாகங்கள், மட்டும் 348. சிறியவை ஆயிரத்துக்கு மேல். நிலமும் அதன் வருமானமும் சர்க்காருக்கு, பூஜைச் செலவும் சர்க்காருக்கு என்பது ஏற்பாடு. வருமானம் பெரிது, செலவு அளந்து வைத்தது. கோயில் சொத்து நிர்வாகம் சீர்கெட்டிருந்தது என்பது மன்றோ தரப்பின் நியாயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பாக்கி விழுந்து கிடந்த கஜானாவுக்கு அந்த நிலங்கள் எவ்வளவு தேவைப்பட்டன என்பதும் அதே அளவு உண்மை.

## 'ஆலோசனை' எப்படி வேலை செய்தது

நடைமுறை இப்படி:

1. ஒரு விவகாரம் எழும். புகார் மனு, மிஷனரியின் கடிதம், பத்திரிகைச் செய்தி, எதுவாகவும் இருக்கலாம்.
2. ரெசிடென்ட் திவானிடம் விளக்கம் கேட்பார்.
3. விளக்கத்தோடு தன் குறிப்பையும் சேர்த்துச் சென்னை அரசுக்கு அனுப்புவார். 1923 வரை திருவிதாங்கூர் சென்னை அரசு வழியாகத்தான் பேச வேண்டும். அதன் பிறகே இந்திய அரசோடு நேரடித் தொடர்பு.
4. சென்னையிலிருந்து 'அபிப்பிராயம்' வரும்.
5. சில வாரங்களிலோ மாதங்களிலோ மகாராஜாவின் பெயரில் ஒரு விளம்பரம் வெளியாகும்.

மக்கள் கண்ணில் படுவது ஐந்தாவது படி மட்டும். அதனால் நல்லதும் கெட்டதும் ராஜா கணக்கில் ஏறின. ஆனால் இங்குள்ளவர்கள் ஏமாளிகள் அல்ல. 1841இல் எழுதப்பட்டதாகச் சொல்லும், சாமித்தோப்பு அய்யாவழியினரின் நூலான அகிலத்திரட்டு அம்மானை, அனந்தபுரி நீசன் (திருவிதாங்கூர் ராஜா) என்று ஒருவனையும் வெண்நீசன் (வெள்ளைக்காரன்) என்று ஒருவனையும் தனித்தனியாகவே பேசுகிறது. மேலே இரண்டு அடுக்கு இருந்ததைச் சாமித்தோப்பு அப்போதே கண்டுகொண்டது.

தோள்சீலைப் போராட்டம் இதற்கு நல்ல உதாரணம். 1814இல் மன்றோ காலத்தில், கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் குப்பாயம் (ரவிக்கை போன்ற மேல்சட்டை) அணியலாம் என்று உத்தரவு. 1829இல் உயர்சாதிப் பெண்களைப் போல மேல்சீலை போடக் கூடாது என்று அரச விளம்பரம். அப்போது ஆங்கிலேயர் பெரிதாகத் தலையிடவில்லை. 1858 நவம்பரில், மத விஷயத்தில் தலையிட மாட்டோம் என்ற விக்டோரியா ராணியின் அறிக்கை வந்ததும், அதற்குத் தங்கள் தங்கள் பொருளை இரு தரப்பும் எடுத்துக்கொண்டன. தென் திருவிதாங்கூரில் மோதலும் தீவைப்பும் நடந்தன. அப்போதைய ரெசிடென்ட் ஜெனரல் கல்லன், 1840 முதல் அங்கேயே இருந்து ஊறிப்போனவர், தர்பார் பக்கம் சாய்பவர். சென்னையில் புதிதாக வந்த கவர்னர் ட்ரெவிலியன் கடுமையாக எழுதினார். 1859 ஜூலை 26இல் மகாராஜா உத்தரம் திருநாள் விளம்பரம் வெளியிட்டார்: நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் சுற்றிக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது.

அதே ஒன்பதாம் ஷரத்து 1829இலும் இருந்தது, 1859இலும் இருந்தது. மாறியது சென்னையில் இருந்த ஆளும், லண்டனில் கேட்கும் காதும். பிடி எப்போதும் இருந்தது, எப்போது இழுப்பது என்பதுதான் அவர்கள் விருப்பம். தெருவில் நின்று அடிவாங்கியவர்கள் இல்லாமல் அந்த இழுப்பும் நடந்திருக்காது.

எல்லா ஆலோசனைக்கும் தர்பார் தலையாட்டியது என்றும் சொல்ல முடியாது. 1868இல் ஆலப்புழையில் வணிக முகவராக இருந்த லிடெல் என்ற ஆங்கிலேயரைப் பணக் கையாடலுக்காகத் திருவிதாங்கூர் கோர்ட் தண்டித்தது. ஆங்கிலேயக் குடிமகனை நீ எப்படி விசாரிக்கலாம் என்று சென்னை கேட்டது. அந்த அதிகாரத்தை எந்த ஷரத்திலும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லையே என்று திவான் மாதவராவ் பதில் எழுதினார். கடைசியில் அவர் வாதம்தான் நின்றது. எழுதியதை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடத் தெரிந்த திவானுக்கு இந்தக் காகிதங்கள் கேடயமாகவும் இருந்தன.

## சுங்கம், உப்பு, ரயில், வாரிசு

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம்.

1865இல் திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் இந்தியா மூன்றும் சேர்ந்து வணிக உடன்பாடு செய்தன. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வரும் சரக்குக்கு இறக்குமதி வரி ஒழிந்தது. பதிலுக்கு, உப்பை ஆங்கிலேயர் விலையிலேயே விற்கச் சமஸ்தானம் ஒப்புக்கொண்டது. கடலும் உப்பளமும் வாசலிலேயே இருந்த அகஸ்தீஸ்வரம் தாலுகாவிலும், உப்பு விலையைத் தீர்மானித்தது சென்னைக் கணக்கு.

ரயில் ஓடும் நிலத்தின் நீதி அதிகாரத்தையும் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். செங்கோட்டை வழிப் பாதையில் இது நடந்தது. குமரியில் அந்தச் சிக்கல் எழவில்லை. நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979இல்.

வாரிசு விஷயம் வேறு மாதிரி. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் நேர் வாரிசு இல்லாத சதாரா, ஜான்சி, நாக்பூர் பறிபோயின. திருவிதாங்கூரில் மருமக்கத்தாயம். ராஜாவின் மகன் வாரிசே அல்ல, சகோதரியின் மகன்தான் வாரிசு. ஆகவே தத்தெடுப்பது பெண்களை. 1857க்குப் பிறகு கொள்கை மாறியது. 1862இல் வைஸ்ராய் கானிங் கொடுத்த சனத் (உரிமைப் பத்திரம்) தத்து உரிமையை ஏற்றுக்கொண்டது. ஏற்றது என்றால், அதுவரை அது ஆங்கிலேயர் கையில் இருந்தது என்றும் அர்த்தம்.

## 1947: எந்தக் கயிறு அறுந்தது?

இந்திய சுதந்திரச் சட்டத்தின் 7(1)(ஆ) பிரிவு, சமஸ்தானங்கள் மேல் முடியரசுக்கு இருந்த மேலாதிக்கம் 1947 ஆகஸ்ட் 15 அன்று காலாவதியாகிறது என்றது. அதோடு முடியரசும் ராஜாக்களும் செய்த உடன்படிக்கைகளும் காலாவதி. ஜூன் 11 அன்று திவான் சி.பி. ராமசாமி அய்யர், திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்தது இதை நம்பித்தான். மேலாதிக்கம் இந்தியாவுக்குக் கைமாறவில்லை, காலாவதிதான் ஆனது என்பது அவர் வாதம். சட்டப் புத்தகத்தில் அது பிழையில்லை. ஆனால் நாஞ்சில் நாட்டு நெல் போதாமல் வெளி அரிசியை எதிர்பார்த்திருந்த நாடு அது, மக்களும் அவர் பக்கம் இல்லை. ஜூலை 25 அன்று அவர் வெட்டப்பட்டார், உயிர் தப்பினார். அடுத்த சில நாள்களில் மகாராஜா இணைப்புக்குச் சம்மதித்தார்.

எது என்ன ஆனது என்று பிரித்துப் பார்க்கலாம்:

1. கப்பம், ரெசிடென்ட், ஆலோசனை ஷரத்து: அரசியல் உறவு சார்ந்தவை. முடிந்தன.
2. சுங்கம், தபால், போக்குவரத்து போன்றவை: அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஒரு தரப்பு மறுக்கும் வரை, அல்லது புது உடன்பாடு வரும் வரை, இவை தொடரும். ஒரே இரவில் தபாலும் சரக்கும் நின்றுவிடக் கூடாதே.
3. சொத்துக் குத்தகை: முல்லைப் பெரியாறு இங்கேதான் வருகிறது.

குத்தகைப் பத்திரம் கையெழுத்தானது 1886 அக்டோபர் 29. மகாராஜாவுக்காகத் திவான் ராம ஐயங்கார், லண்டனில் இருந்த, இந்தியாவுக்கான ஆங்கிலேய அமைச்சருக்காக ரெசிடென்ட் ஹானிங்டன். 155 அடி மட்டத்துக்குக் கீழே நீர் தேங்கும் 8,000 ஏக்கர், வேலைக்காக மேலும் 100 ஏக்கர், 999 ஆண்டு, ஏக்கருக்கு 5 ரூபாய், ஆண்டுக்கு 40,000 ரூபாய். தண்ணீர் போனது மதுரைப் பக்கம், சென்னை மாகாணத்துக்கு. 1895இல் அணை திறந்தது. குமரிக்கு இதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நமக்கான பேச்சிப்பாறை 1906இல் முடிந்த திருவிதாங்கூரின் சொந்த அணை, நம் பெயரில் வழக்கும் இல்லை.

மேலாதிக்கத்தின் நிழலில், சரிசமம் இல்லாத இருவர் போட்ட பத்திரம் இது என்ற கேரளத்தின் மனக்குறை நியாயமானது. ஆனால் மனக்குறை வேறு, காலாவதி வேறு. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 1886 பத்திரம் 7(1)(ஆ) பிரிவில் சொன்ன அரசியல் உடன்படிக்கை வகையில் சேராது என்று கூறி, அது முடிந்துவிட்டது என்ற வாதத்தைத் தள்ளியது. நிலமும் வாடகையும் தவணையும் உள்ள குத்தகை அது. போதாததற்கு, 1970இல் இரு மாநிலங்களும் சேர்ந்தே வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தித் துணை ஒப்பந்தம் போட்டிருந்தன. செத்துப்போன பத்திரத்துக்கு யாரும் வாடகை உயர்த்துவதில்லை. "வெள்ளைக்காரன் போனதோட போச்சு" என்ற முதல் வாதம் விழுவது இங்கேதான்.

## குமரியில் மிச்சம் இருப்பவை

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்க, கேரளத் தொல்லியல் துறை நிர்வகிப்பதையும் ஆங்கிலேயர் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. ஆங்கிலேயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது 1956 மாநிலப் பிரிப்பின் சொத்துப் பங்கீடு. நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் சரஸ்வதியும், வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் போய்வருவது அதற்கும் முந்தியது, தலைநகர் மாறியதால் வந்த பழக்கம்.

உண்மையான மிச்சம் அதிகம் பேர் கவனிக்காத இடத்தில், அரசியல் சட்டத்தில் இருக்கிறது. மன்றோ எடுத்த கோயில் நிலங்களுக்கு ஈடாகக் கோயில்களைப் பராமரிக்கும் கடன் சர்க்காரின் மேல் இருந்தது. 1922இல் தேவஸ்வ விளம்பரம் அதற்குத் தனி நிதியை உண்டாக்கியது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது அந்தக் கடன் ஆண்டுத் தொகையாக உடன்படிக்கையில் ஏறியது. 1956இல் நான்கு தாலுகாக்களும் இந்தப் பக்கம் வந்தபோது தொகையும் பிரிந்தது. அரசியல் சட்டத்தின் 290ஏ பிரிவின்படி ஆண்டுதோறும் கேரளம் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவஸ்வ நிதிக்குக் கொடுக்க வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து வந்த பகுதிகளின் கோயில்களுக்காகத் தமிழ்நாடு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் தன் தொகுப்பு நிதியிலிருந்து கொடுக்க வேண்டும்.

இது சட்டசபை ஆண்டுதோறும் வாக்களித்துத் தரும் மானியம் அல்ல. தொகுப்பு நிதியின் மேல் ஏற்றப்பட்ட கட்டாயச் செலவு. தொகை எண்ணாகவே எழுதப்பட்டிருப்பதால், 1956இல் பெரிதாக இருந்த 13½ லட்சம் இன்றும் அதே 13½ லட்சம்தான். மாநில அரசு கூடுதலாகக் கொடுப்பதற்குத் தடையில்லை, ஆனால் அது அரசின் விருப்பம். அந்த எண்ணையே மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும்.